ஹெச்-ஸெட் அல்ல, ஹெர்ட்ஸ்: ஒலிப்பதிவுச் சுருக்கெழுத்துகளை வாயால் சொல்வது எப்படி

ஒலிப்பதிவு மிக்ஸரில், ஒலியைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் ஃபேடர் வரிசைக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரால் எழுதி வைத்திருப்பார்கள். ஜி-டி-ஆர், ஓ-ஹெச், ஹெச்-ஹெச், எஃப்-டி, வி-ஓ-எக்ஸ் என்று வரிசையாக ஆங்கில எழுத்துகள். புதிதாக வந்தவர் அவற்றை எழுத்தெழுத்தாக வாசித்தால் பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். ஏனென்றால் அவை வாசிப்பதற்காக எழுதியவை அல்ல. டேப்பில் இடம் இல்லாததால் குறுக்கி எழுதியவை. ஜி-டி-ஆர் என்பதைக் கிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அதேபோல டிரம்ஸ் பக்கத்தில் ஓவர்ஹெட், ஹைஹாட், ஃப்ளோர் டாம். வி-ஓ-எக்ஸ் ‘வாக்ஸ்’, அதாவது பாடும் குரல். ஆனால் அதே டேப்பில் பி-வி என்று இருந்தால் அதைப் ‘பி-வி’ என்றே சொல்லலாம். பேக்கிங் வோக்கல் (துணைக்குரல்) பாடுபவர்களை மேடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரே டேப்பில் இத்தனை வித்தியாசம் என்றால் மொத்தத் துறையிலும் கேட்கவே வேண்டாம். ஆனாலும் எல்லாம் மூன்று கூட்டுக்குள் அடங்கிவிடும். தாளில் மட்டும் குறுக்கம், வாயில் முழுச்சொல் என்பவை முதல் வகை. எழுத்தெழுத்தாகச் சொல்பவை இரண்டாம் வகை. எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாகவே ஆக்கிவிட்டவை மூன்றாம் வகை. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க உறுதியான இலக்கணம் ஏதும் இல்லை. ஆனால் நன்றாக ஊகிக்கலாம்.

ஹெச்-ஸெட் முதல் வகை. அதை எப்போதும் ‘ஹெர்ட்ஸ்’ என்றே சொல்ல வேண்டும். ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளரின் பெயர் அது. கடைசியில் வரும் ‘ஸ்’ பன்மை விகுதி இல்லை, பெயரிலேயே இருப்பது. ஆகவே ஒன்று என்றாலும் ஒரு ஹெர்ட்ஸ்தான். ‘ஒரு ஹெர்ட்’ கிடையாது. ஆயிரத்தைத் தாண்டினால் கிலோஹெர்ட்ஸ். ஸ்டூடியோவில் அதற்கும் பொறுமை இல்லாமல் ‘கே’ ஆக்கிவிட்டார்கள்: ஒன் கே, ரெண்டரை கே, பத்து கே. ஆயிரத்துக்குக் கீழே அலகையே விட்டுவிடுவார்கள். “நானூறுல கொஞ்சம் குறை” என்றால் 400 ஹெர்ட்ஸ்.

டெசிபெல் கொஞ்சம் சிக்கல். அதன் குறியீட்டில் சின்ன டி, பெரிய பி. பெரிய எழுத்து எதற்கென்றால், பின்பாதியான ‘பெல்’ அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயர். முன்னால் உள்ள ‘டெசி’ பத்தில் ஒரு பங்கைக் குறிக்கிறது. இதை ‘டெசிபெல்’ என்று முழுதாகவும் சொல்லலாம், ‘டிபி’ என்று எழுத்தாகவும் சொல்லலாம், இரண்டுமே சரி. வேலை நேரத்தில் டிபிதான் வழக்கம். தமிழில் எழுதும்போதுதான் வம்பு. ‘டி.பி.’ என்று எழுதினால் காசநோய் ஞாபகம் வரும், ‘டிபி’ என்று எழுதினால் வாட்ஸ்அப் படம் ஞாபகம் வரும். கட்டுரையிலோ விளம்பரத்திலோ எழுதுகிறீர்கள் என்றால் டெசிபெல் என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது.

டிபிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால்தான் இன்னும் முக்கியம். டிபி-யூ என்றால் 0.775 வோல்ட்டைச் சுழியமாக வைத்து அளப்பது. டிபி-வீ என்றால் 1 வோல்ட்டைச் சுழியமாக வைப்பது. தொழில்முறைக் கருவிகள் பிளஸ் 4 டிபி-யூவிலும், வீட்டுக் கருவிகள் மைனஸ் 10 டிபி-வீயிலும் சிக்னல் அனுப்பும். முன்னது ஏறத்தாழ 1.23 வோல்ட், பின்னது 0.316 வோல்ட். இடைவெளி கிட்டத்தட்ட 12 டெசிபெல். இந்த யூ எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்பு 0.775 வோல்ட் அளவைச் சின்ன வி போட்டும், 1 வோல்ட் அளவைப் பெரிய வி போட்டும் எழுதினார்கள். தாளில் வித்தியாசம் தெரிந்தது. வாயால் சொன்னால் இரண்டும் ‘டிபி-வீ’. குழப்பம் தாங்காமல் சின்ன வி-யை யூவாக மாற்றினார்கள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கண்ணுக்குத்தான் வேறு வேறு, காதுக்கு ஒன்றே. இது கீழே மறுபடியும் வரும்.

எழுத்தாகவே சொல்பவை

இரண்டே எழுத்துகள் என்றால் பெரும்பாலும் எழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். ஈ-க்யூ (ஒலியின் தொனியைச் சரிசெய்வது), டி-ஐ (கருவியை மிக்ஸரோடு நேராக இணைக்கும் பெட்டி), பி-ஏ (ஸ்பீக்கர் சிஸ்டம்), சி-சி (கீழே வரும் மிடியின் கட்டளை), எஃப்-எக்ஸ். டி-ஐ பெட்டியை ‘டை பாக்ஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. எஃப்-எக்ஸ் மட்டும் ஒரு விளையாட்டு: அந்த இரண்டு எழுத்துகளை வேகமாகச் சொன்னால் ‘எஃபெக்ட்ஸ்’ என்றே காதில் விழும். அந்தச் சுருக்கம் பிறந்ததே அப்படித்தான். ஆகவே இரண்டு விதமாகவும் சொல்லலாம். இரண்டெழுத்து விதிக்குள் அகப்படாதது ‘ஆக்ஸ்’. அது ஆக்ஸிலியரி (துணை) என்ற சொல்லின் வெட்டுத் துண்டு. அதை ஏ-யூ-எக்ஸ் என்று எழுத்து எழுத்தாகச் சொல்லாதீர்கள்.

உயிரெழுத்து இல்லாதவற்றில் சந்தேகமே வேண்டாம்: பி-பி-எம், வி-எஸ்-டி, டி-ஆர்-எஸ், எக்ஸ்-எல்-ஆர், பி-சி-எம், ஆர்-எம்-எஸ், எஸ்-பி-எல், ஹெச்-பி-எஃப். சிந்தசைசர் பக்கம் சிலவற்றில் உயிரெழுத்து இருந்தாலும் எழுத்துதான்: வி-சி-ஓ, வி-சி-எஃப், வி-சி-ஏ, எல்-எஃப்-ஓ, ஏ-டி-எஸ்-ஆர். கடைசியாகச் சொன்னது அட்டாக், டீகே, சஸ்டெயின், ரிலீஸ் ஆகிய நான்கு கட்டங்களின் முதலெழுத்துகள். ஏ-டி-சி, ஏ-ஏ-சி ஆகியவற்றில் உயிரெழுத்து இருந்தும் சொல்லாக உச்சரிக்க வாய் மறுக்கிறது. ஆகவே எழுத்துதான்.

கடையில் கதை வேறு. சென்னை ரிச்சி தெருவில் போய் டி-ஆர்-எஸ் பின் (டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று பகுதி கொண்ட ஜாக்) கேட்டால் கிடைக்காது என்று இல்லை. ஆனால் கடைக்காரருக்குச் சட்டென்று புரிவது ‘பி-38 ஸ்டீரியோ’. 6.35 மில்லிமீட்டர் ஜாக் பின்னுக்கு நம் ஊர்க் கடைகளில் பி-38 என்று பெயர். போன் சைஸ் 3.5 மில்லிமீட்டர் பின் ‘ஈ-பி’. ‘ஸ்டீரியோ’ என்ற சொல்லை மறந்தால் மோனோ பின்னைத் தந்துவிடுவார்கள். ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் நேரும் எதிருமாக அனுப்பும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மோனோ பின் போட்டால் ரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லீவ்தான் இருக்கும். எதிர்ச் சிக்னல் வரும் கோல்ட் (தங்கம் அல்ல, ‘குளிர்’) கம்பி கிரவுண்டோடு சேர்ந்துவிடும். பாதையில் வருகிற ஹம்மைக் கழித்து விடும் வசதி போய்விடும். கேபிள் நீளமாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் தாராளமாகக் கேட்கும்.

சொல்லாகவே ஆனவை

எம்-ஐ-டி-ஐ இந்த வகையின் தாய். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ஒரு ஜூப்பிட்டர்-6 கீபோர்டையும் ஒரே கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்துத் தயாரிப்புகள். டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய, கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அந்தப் பாஷைக்கு வைத்த பெயர்தான் மிடி. ‘மை-டை’ அல்ல, ‘மீடி’யும் அல்ல, இரண்டும் குறில், ‘மிடி’. இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை தமிழ் எழுத்து கச்சிதமாகப் பொருந்துகிறது. எழுதியபடி வாசித்தாலே உச்சரிப்பு சரியாக வந்துவிடும். பழந்தமிழில் மிடி என்றால் வறுமை. 16 சேனலும் சேனலுக்கு 128 சுரமும் கொண்ட வறுமை இது ஒன்றுதான். மிடிக்குள் வரும் சி-சி (கண்ட்ரோல் சேஞ்ச்) மட்டும் எழுத்தாகவே சொல்ல வேண்டும்: சஸ்டெயின் பெடல் ‘சி-சி 64’, மாடுலேஷன் வீல் ‘சி-சி 1’.

எஸ்-எம்-பி-டி-இ என்பதைக் கண்ணால் பார்த்து உச்சரிப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது. சொல்வது ‘சிம்ப்டீ’. அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் பெயர் அது. அவர்கள் வகுத்த டைம்கோடையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் என்று நான்கு ஜோடி எண்கள். படத்துக்கு இசையமைக்கும் வேலையில் ‘சிம்ப்டீ லாக்’ என்ற சொல் காதில் விழுந்தால் அது இதுதான்.

டி-ஏ-டபிள்யூவில் கொஞ்சம் சிரிப்பும் உண்டு. பாட்டைப் பதிவுசெய்து கலக்கும் கணினி மென்பொருளுக்குப் பெயர் அது. சொல்லாகச் சொன்னால் வாயைக் குவித்து ‘டா’. “உன் டா என்னடா?” என்று கேட்க நேரிடும். அதை எழுத்தில் ‘டாவ்’ என்று போட்டால் சென்னைத் தமிழில் வேறு அர்த்தம் வந்துவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் எழுத்தாகவே ‘டி-ஏ-டபிள்யூ’ என்கிறார்கள், அல்லது மென்பொருளின் பெயரையே சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் நல்ல தீர்வு. ‘டா’ என்று சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

டி-ஏ-சி (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றுவது), எஃப்-எல்-ஏ-சி (ஒரு வகை ஒலி ஃபைல்), டி-ஏ-டி (டிஜிட்டல் ஒலி டேப்) மூன்றிலும் நடுவில் ஒரே உயிரொலி. ‘பேங்க்’ என்று எழுதிவிட்டு நாம் எப்படி வாயை அகலத் திறந்து சொல்கிறோமோ, அந்த ஒலி. தமிழில் அதற்குத் தனி எழுத்து கிடையாது. டி-ஏ-சியை ‘டேக்’ என்று எழுதினால் ஸ்டூடியோவில் அது ‘ஒன் மோர் டேக்’ ஆகிவிடும். ‘டாக்’ என்று எழுதினால் பேச்சு என்று ஆகிவிடும். இரண்டு தீமைகளில் ‘டாக்’ பரவாயில்லை. எஃப்-எல்-ஏ-சியை ‘ஃப்ளாக்’ என்று எழுதுங்கள். அந்த ஆய்தம் கட்டாயம் வேண்டும். விட்டுவிட்டால் ‘பிளாக்’ ஆகி, தியேட்டர் வாசலில் டிக்கெட் விற்பவர் ஞாபகம் வரும். டி-ஏ-சி ஒரு சொல்லாகவும், அதற்கு நேர் எதிர் வேலை செய்யும் ஏ-டி-சி எழுத்தாகவும் இருப்பது ஏன் என்று கேட்கலாம். காரணம் எளிது: ஒன்றின் நடுவில் உயிரெழுத்து இருக்கிறது, மற்றொன்றின் நடுவில் இல்லை.

எம்-ஏ-டி-ஐ இன்னொன்று. ஒரே கேபிளில் 64 சேனல் வரை டிஜிட்டல் ஒலியைக் கடத்தும் ஏற்பாடு. ‘மேடி’ என்பாரும் உண்டு, ‘மாடி’ என்பாரும் உண்டு. “மாடி கேபிள் எங்கே?” என்றால் நம் ஊரில் யாராவது படி ஏறிப் போய்த் தேடுவார்கள். ‘மேடி’ என்றே சொல்லுங்கள். ஏ-டி-ஏ-டியில் முதல் எழுத்து எழுத்தாகவும் மீதி சொல்லாகவும் வரும்: ‘ஏ-டாட்’. எஸ்-விஹெச்எஸ் வீடியோ கேசட்டில் 8 டிராக் பதிவு செய்த கருவியின் பெயர் அது. கருவி போய்விட்டது, அதிலிருந்த ஆப்டிகல் இணைப்பு மட்டும் கணினியோடு இணைக்கும் இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்களின் பின்பக்கத்தில் அதே பெயரோடு வாழ்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 8 சேனல்.

இன்னும் முடிவுக்கு வராதவை சில. எல்-யூ-எஃப்-எஸ் என்ற ஒலியுரப்பு அளவைப் பெரும்பாலோர் ‘லஃப்ஸ்’ என்கிறார்கள், பேக்கரியில் முட்டை பஃப்ஸ் கேட்பதுபோல. ‘லூஃப்ஸ்’ என்று நீட்டுபவர்களும் உண்டு. இரண்டையும் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் வகுத்த இலக்கு மைனஸ் 23 லஃப்ஸ். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே அளவை எல்-கே-எஃப்-எஸ் என்று எழுத்தாகச் சொல்வார்கள். பெயர்தான் வேறு, அளவு ஒன்றே. கணக்குப்போட்டு மாற்ற முயற்சி செய்யாதீர்கள். டபிள்யூ-ஏ-வி ஃபைலை ‘வேவ்’ என்று சொல்லுங்கள். அலை என்ற பொருளில் வந்த பெயர்தான் அது. ‘வாவ்’ என்றாலும் புரியும். டிஜிட்டல் ஒலி இணைப்பான எஸ்-பி-டி-ஐ-எஃப் ‘ஸ்பிடிஃப்’, எஸ்ஸுக்குப் பின்னால் உள்ள சாய்கோட்டை வாயால் சொல்வதில்லை. கணினியின் ஒலி டிரைவரான ஏ-எஸ்-ஐ-ஓ ‘ஏஸியோ’.

பி.ஜி.எம்., ஆர்.ஆர்.

தமிழ்த் திரையுலகத்துக்கென்று ஒரு சுருக்கம் இருக்கிறது. படத்துக்குப் பின்னணி இசை அமைத்துப் பதிவுசெய்வதை இங்கே ரீ-ரெக்கார்டிங் என்பார்கள். வாயில் அது ‘ஆர்.ஆர்.’. ரசிகர்கள் அதையே பி.ஜி.எம். என்கிறார்கள். இரண்டும் இங்கே சரி. ஆனால் ஹாலிவுட் முறையில் பழகிய ஒருவரிடம் ரீ-ரெக்கார்டிங் என்று சொன்னால், வசனம், இசை, ஒலி எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும் இறுதிக் கட்டத்தைத்தான் அவர் நினைப்பார். இசையமைப்பாளருக்காக வைத்த தேதியில் அவர் ஃபைனல் மிக்ஸுக்குத் தயாராகி வந்து நிற்பார். வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் போகும்போது ‘ஸ்கோர்’ என்று எழுதுங்கள்.

இசைத்தாளில் இருப்பவை

டிரினிட்டி தேர்வுக்கும் மற்றத் தேர்வுகளுக்கும் பியானோ, கீபோர்டு படிப்பவர்கள் பார்க்கும் சுருக்கங்கள் அத்தனையும் முதல் வகை. அவை இத்தாலியச் சொற்கள். எழுத்தாகச் சொல்லவே கூடாது. சாய்ந்த சின்ன பி ‘பியானோ’, மென்மையாக. எஃப் ‘ஃபோர்டே’. எம்-எஃப் ‘மெட்ஸோ ஃபோர்டே’. எஸ்-எஃப்-ஸெட் ‘ஸ்ஃபோர்ட்ஸாண்டோ’. பி-ஐ-ஸெட்-ஸெட் ‘பிட்ஸிகாட்டோ’, ஆர்க்கெஸ்ட்ராவில் ‘பிட்ஸ்’ என்று வெட்டினாலும் போதும். எட்டு போட்டு வி-ஏ எழுதியிருந்தால் ‘ஒட்டாவா’. ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்கச் சொல்கிறது. டி.எஸ். என்பது ‘டால் செஞ்ஞோ’. ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘செக்னோ’ என்பார்கள், அது தவறு. இத்தாலியில் ஜி-யும் என்-னும் சேர்ந்தால் நம் ஞ. அந்த எழுத்து நம்மிடம் தயாராக இருப்பதால் இதைச் சொல்வதில் ஆங்கிலேயரைவிட நமக்குச் சிரமம் குறைவு. டி.சி. ‘டா காப்போ’, தொடக்கத்திலிருந்து. ஆனால் அதே இரண்டெழுத்து மின்சாரத்தைக் குறித்தால் ‘டி-சி’. ஒரே ஸ்டூடியோவில் இரண்டும் உண்டு. தாளில் இருந்தால் ஒன்று, அடாப்டரில் இருந்தால் மற்றொன்று.

கார்டு குறியீடுகளில்தான் பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினை திரும்ப வருகிறது. சி-க்குப் பின்னால் பெரிய எம் போட்டு 7 என்றால் மேஜர் செவன். சின்ன எம் போட்டு 7 என்றால் மைனர் செவன். “சி எம் செவன்” என்று வாயால் சொன்னால் எதிரே உள்ளவர் ஊகம்தான் செய்ய வேண்டும். தப்பாக ஊகித்தால் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இரண்டும் அரைச்சுரம் இறங்கியோ ஏறியோ விடும், பாட்டின் முகமே மாறிவிடும். அதனால் எப்போதும் ‘சி மேஜர் செவன்’, ‘சி மைனர் செவன்’. எம் எதுவும் இல்லாமல் 7 மட்டும் இருந்தால் வெறும் ‘சி செவன்’. எஸ்-யூ-எஸ்-4 ‘சஸ் ஃபோர்’, டி-ஐ-எம் ‘டிம்’, ஏ-டி-டி-9 ‘ஆட் நைன்’. ஜி-க்கும் பி-க்கும் நடுவே சாய்கோடு இருந்தால் ‘ஜி ஓவர் பி’; மேலே ஜி கார்டு, கீழே பேஸில் பி சுரம்.

எண்கள்

கருவிகளின் மாடல் எண்ணை முழு எண்ணாகச் சொல்வதில்லை. ரோலண்டின் 1980-ம் ஆண்டு டிரம் மெஷின் டி-ஆர்-808, ‘எய்ட் ஓ எய்ட்’, எண்ணூற்றியெட்டு அல்ல. ஷூர் எஸ்-எம்-58 மைக் ‘ஃபிஃப்டி எய்ட்’, முன்னெழுத்தே தேவையில்லை. 1176 கம்ப்ரெஸர் ‘லெவன் செவன்ட்டி சிக்ஸ்’. சாம்பிள் ரேட் 44.1 ‘ஃபார்ட்டி ஃபோர் ஒன்’. 5.1-ல் ‘பாயிண்ட்’ என்று சொல்வோம், ஆனால் அது தசமப் புள்ளி இல்லை: ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். ஸ்டூடியோவில் ஆபத்தான எண் 48. “48 போடு” என்றால் மைக்குக்கு 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரமா, 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டா? மின்சாரம் என்றால் ‘ஃபான்டம்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பெயர்களில் இரண்டே இரண்டு. எம்-ஓ-ஓ-ஜி சிந்தசைசர் ‘மூக்’ அல்ல, ‘மோக்’. ராபர்ட் மோக் தன் பெயரை அப்படிச் சொல்வதையே விரும்பினார். யூ-87 மைக்கின் நிறுவனப் பெயர் ஜெர்மன் உச்சரிப்பில் ‘நொய்மன்’. ‘நியூமன்’ என்றாலும் உலகம் முழுக்கப் புரியும், நம் ஊரில் அதுவே நல்லது.

தமிழில் எழுதும்போதும், இரைச்சலில் கத்தும்போதும்

ஆங்கில B, P இரண்டையும் தமிழில் ஒரே ‘பி’யால்தான் எழுதுகிறோம், பேச்சிலும் பலருக்கு இரண்டும் ஒன்றே. அதனால் பாட்டின் வேகத்தைச் சொல்லும் பி.பி.எம்.மும், வானொலி நிலையங்களில் சிக்னல் உச்சத்தைக் காட்டும் பி.பி.எம். மீட்டரும் எழுத்தில் அப்படியே ஒன்று. முன்னதற்கு ‘டெம்போ’, பின்னதற்கு ‘பீக் மீட்டர்’ என்று மாற்றிச் சொன்னால் தொல்லை விட்டது. பி-ஏ சிஸ்டம் படிப்புப் பட்டம் போலத் தெரிந்தால் ‘ஸ்பீக்கர் சிஸ்டம்’ என்று எழுதலாம்.

குழுவோடு பேச வைத்திருக்கும் டாக்பேக் மைக்கில் பேசும்போது பி, சி, டி, ஜி, வி எல்லாம் ஒரே ‘ஈ’யில் முடிவதால் எழுத்துகளை நம்பாதீர்கள். சேனல், அதிர்வெண், அளவு, திசை என்ற வரிசையில் சொல்லுங்கள்: “தம்பி, லீட் வோக்கல், ரெண்டரை கே, மூணு டிபி கட்.” “மூணுல குறை” என்று மட்டும் சொன்னால் மூணு கேயா, மூணு டிபியா, மூணாம் சேனலா என்று அவர் “எதுண்ணே?” என்று திரும்பக் கேட்பார், அதற்குள் பல்லவி முடிந்துவிடும். இரைச்சலில் எண்ணைத் தமிழில் சொல்வது பெரும்பாலும் லாபம்: ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும், பதினஞ்சும் அம்பதும் அப்படிக் கேட்காது. அம்பதுக்கும் ஒம்பதுக்கும் மட்டும் அந்த வசதி இல்லை. ஒன்பதாம் சேனலை ‘நைன்’ என்றே சொல்லிவிடுங்கள்.